கந்தோர்க் கார்

அன்று பின்னேரம் அரியாலையில் அந்த வெறும் வளவில் நின்றவர்கள்: கரவெட்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்த பொன்னம்பலம், அதே கந்தோரில் தட்டெழுத்து அடிக்கும் ஸ்ரெல்லா, அங்கேயே படம் கீறும் உத்தியோகத்தில் இருந்த இளையதம்பி, குருநகரிலிருந்து காரைக் கொண்டுவந்த யாகப்பு. வேலிக்கு அந்தப் பக்கம், குசினி யன்னல் கம்பிகளுக்குப் பின்னால், பொன்னம்பலத்தின் மனைவி குணலட்சுமி. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி, ஒரு பக்க மட்கார்ட்டில் மட்டும் வேறு சாம்பல் பூசி, மழைக்கு ஒதுங்கிய எருமை மாதிரி நின்றது. பின்னொரு நாள் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டான், காரை வாடகைக்குப் பேசிய அன்று ஆர் ஆர் நின்றது என்று. பொன்னம்பலம் எல்லாப் பெயரையும் சொன்னார். யன்னலுக்குப் பின்னால் நின்றவளை மட்டும் சொல்லவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் அது. கார் பிடிப்பதென்ற முடிவு ஆசையில் வந்ததல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கரவெட்டிப் பக்கமாகப் பருத்தித்துறைக்குப் போகும் பஸ் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. வந்தாலும் ஆவரங்காலுக்கு அப்பால் ஓட்ட மாட்டேன் என்று சாரதி இறங்கி நின்று பீடி பற்றவைப்பான். அதற்கப்பால் வல்லைவெளி. மரமில்லை, வீடில்லை, ஒதுங்க ஒரு மதில்கூட இல்லை. உப்புப் பூத்த தரையும் அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு றோட்டும். வெளியை நடந்து கடக்கிற சனத்துக்கு மேல் ஒரு காலை ஹெலி வந்து தாழப் பறந்தது. சுடவில்லை. சும்மா வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அன்று கந்தோர் வாசலில் ஸ்ரெல்லா தன் செருப்பைத் தேடினாள். ஓடியபோது எங்கேயோ கழன்றிருந்தது. அடுத்த நாளே மூன்று பேரும் கார் பார்க்கத் தொடங்கினார்கள்.

எந்தக் கார் என்பதில்தான் பெரிய வழக்கு. ஸ்ரெல்லாவின் பெரியப்பாவிடம் ஒரு புது மாதிரி ஜப்பான் கார் மூடிக் கிடந்தது. இளையதம்பி அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நல்ல கார் எண்டால் இயக்கப் பெடியள் கேப்பாங்கள். பழுதான கார் எண்டால் வல்லைவெளியிலை நிண்டுடும். எங்களுக்குத் தேவை, பாக்கக் கூடாததாயும் ஓட நல்லதாயும் ஒண்டு."

"உங்கடை மனிசி உங்களை எடுக்கேக்கை ரெண்டாவதைக் கவனிக்கேல்லைப் போலை" என்றாள் ஸ்ரெல்லா.

பொன்னம்பலம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆளில்லை. ஆனால் இளையதம்பி சொன்னது சரியென்று பட்டது. அந்த வருசத்தில் யாழ்ப்பாணத்தில் காருக்கு ஒரே ஒரு அழகுதான் வேண்டியிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்காத அழகு. அப்படித்தான் யாகப்புவின் ஏ ஃபோர்ட்டி வந்தது. மாத வாடகைக்கு, சாரதி இல்லாமல். பொன்னம்பலத்துக்கு ஓட்டத் தெரியும். அவருடைய படலை கார் நுழையாத ஒடுக்கம் என்பதால் ஒழுங்கை முகப்பில் இருந்த அந்த வெறும் வளவில் காரை விடுவதென்று முடிவானது.

யாகப்புவுக்கு அறுபது வயதிருக்கும். கடலில் பாதி, றோட்டில் பாதியாக உழைத்த உடம்பு. தலையில் எப்போதும் ஒரு நீலக் கட்டம் போட்ட துவாய். கண்ணில் வெள்ளை படர்வதால்தான் காரைப் பிறத்தியாரிடம் கொடுக்கிறேன் என்றார். மைம்மல் இருட்டுப் பட்டால் றோட்டும் வாய்க்காலும் தனக்கு ஒன்றென்றார். பிறகு பொனற்றைத் திறந்து, ஒரு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து எதையோ உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பெருவிரல் நுனியளவு கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு.

"இது றோட்டர். இது இல்லையெண்டால் இந்தக் கார் வெறும் தகரம். தள்ளினாலும் ஸ்ராட் வராது. நான் பின்னேரம் வந்து கழட்டிக்கொண்டு போவன். காலமை வந்து போட்டுவிடுவன். கார் உங்களிட்டை, இது என்னட்டை. ரெண்டும் ஒரு வீட்டிலை படுக்கக்கூடாது."

"ஏன், எங்களிலை நம்பிக்கையில்லையோ?" என்றார் பொன்னம்பலம்.

"உங்களிலை என்ன ஐயா, இருட்டிலைதான் நம்பிக்கையில்லை. முந்தி ஒரு டட்சன் வைச்சிருந்தனான். ஒரு பின்னேரம் வந்து கேட்டாங்கள். துவக்கோடை வந்து கேட்டால் குடுக்கிறதுதானே. ஒரு கிழமையாலை கொண்டுவந்து விட்டாங்கள், நன்றியும் சொன்னவங்கள். பின்சீற்றை என்ரை மனிசி லூர்த்தம்மா சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தா. நிறம் போகேல்லை. வித்துப்போட்டன்."

அதற்குப் பிறகு யாரும் பேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. மூன்று பேருக்குக் கோப்பையில். யாகப்புவுக்கு மட்டும் ஓரம் நசிந்த தகரப் பேணியில். ஸ்ரெல்லா அதைப் பார்த்தாள், பிறகு தன் கோப்பையைப் பார்த்தாள். யாகப்பு குடித்துவிட்டுப் பேணியைக் கிணற்றடியில் தானே கழுவிக் கவிழ்த்தார்.

ஏற்பாடு நடந்தது. காலையில் யாகப்பு குருநகரிலிருந்து சைக்கிளில் வருவார். சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரிப்பார். நற்கருணையை ஏந்துவது மாதிரி அந்தத் துண்டை இரண்டு விரலால் எடுத்துப் பொருத்துவார். பொனற்றை மூடி அதன்மேல் சிலுவை போடுவார். பின்னேரம் வந்து கழற்றுவார். வீட்டில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் வைப்பாராம். கார் இருபாலை, கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்கள் தாண்டி வல்லைவெளிக்கு ஏறும். வல்லைப் பாலத்தடியில் இயக்கப் பெடியளின் காவல் இருந்தது. முதல் கிழமை மறித்தார்கள், டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டாம் கிழமை குனிந்து பார்த்தார்கள். பிறகு தூரத்தில் காணும்போதே "கந்தோர்க் கார்" என்று கையைக் காட்டி விட்டுவிட்டார்கள். இளையதம்பிக்கு அதில் பெரிய புழுகம். "அமைச்சர்மாருக்கும் இல்லாத மரியாதை" என்பான்.

பொன்னம்பலத்துக்கு மட்டும் ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது. கந்தோரில் வரவுப் புத்தகத்தில் நேரம் முடிந்ததும் சிவப்புக் கோடு இழுப்பவர் அவர்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பவர்களை வாயால் ஒன்றும் கேட்க மாட்டார், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை மட்டும் பார்ப்பார். யாகப்பு மாத முதல் வெள்ளியில் பூசை முடித்துத்தான் வருவார். சைக்கிள் காற்றுப் போனாலும் பிந்துவார். இரண்டு முறை பொன்னம்பலமே தன் கோட்டுக்குக் கீழே தன் பெயரை எழுத நேர்ந்தது. இரண்டாம் முறை, பியோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலைத் துடைத்தான். அந்தச் சனிக்கிழமையே பொன்னம்பலம் ஸ்ரான்லி றோட்டில் பழைய சாமான் விற்கும் கடைக்குப் போய், ஏ ஃபோர்ட்டிக்கு ஒரு றோட்டர் கேட்டு வாங்கிவந்தார். வாங்கிய பிறகுதான் அதைப் போட்டு ஓட முடியாதென்பது விளங்கியது. யாகப்பு வந்து, கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையை மட்டும் கண்டால் என்ன சொல்வது? அதனால் அது குசினியில் வெந்தயப் பேணிக்குள் கிடந்தது. குணலட்சுமியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பயன்படுத்தாத களவு களவில்லை என்று அவர் தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டார்.

சித்திரை முடிவில் ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்தை அடித்து முடித்தது. சந்திகளில் ரயர் எரிந்தது. சனம் ஒழுங்கைக்குள் நின்று பார்த்தது. சிலர் அடித்தவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். தோற்ற பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவன் பஞ்சலிங்கம், குணலட்சுமியின் தமக்கை மகன். வைகாசியில் ஒரு நாள் பொன்னம்பலம் கந்தோரால் வந்தபோது வெங்காயம் கட்டித் தூக்கும் கொட்டிலுக்குள் அவன் இருந்தான். தாடி. ஒரு காலில் மட்டும் சப்பாத்து. சாப்பாட்டைக் கையில் எடுத்தபடியே தூங்கிப்போனான்.

"வடமராட்சிக் கரையிலை வள்ளம் நிக்குமாம். அங்கை கொண்டுபோய் விட்டால் அக்கரை போயிடுவான்" என்றாள் குணலட்சுமி.

"ஆர் கொண்டுபோறது?"

அவள் வெந்தயப் பேணியை இறக்கி அவருக்கு முன்னால் வைத்தாள். வெந்தயத்துக்குள் கையை விட்டு அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

"அவன் இங்கை பிடிபட்டால் எங்களையும் சேத்துத்தான்" என்றாள். "அண்டைக்கு இதை வாங்கேக்கை என்னட்டைக் கேட்டனீங்களோ? இப்ப நான் கேக்கிறன்."

விளக்குப் போடாமல் ஓடவேண்டும். அதற்கு நிலவு வேண்டும். பொன்னம்பலம் கலண்டரில் பறுவத்தை, முழுநிலவு நாளைப் பார்த்தார். கந்தோரில் ஒரு காரியத்தைச் செய்வது மாதிரியே எல்லாம் யோசித்தார், வழி, நேரம், பெற்றோல், போர்க்க வெங்காயச் சாக்கு. விடியப்புறம், நிலவு மேற்கே சாயும் நேரத்தில் வெளிக்கிட்டார். பஞ்சலிங்கம் பின்சீற்றுக்குக் கீழே சாக்குக்குள் கிடந்தான். முன்சீற்றில் யாகப்பு மறந்துவிட்டுப் போன துவாய் கிடந்தது. நரைத்த தலையை மறைக்கத்தானோ, காற்றுக்குத்தானோ, பொன்னம்பலம் அதை எடுத்துத் தலையில் கட்டினார். வல்லைவெளி பால் கொட்டியது மாதிரிக் கிடந்தது. பாலத்தடியில் ஒரு உருவம் எழும்பியது, காரைக் கண்டது, கையைக் காட்டியது. கந்தோர்க் கார். அவ்வளவுதான். கரையில் பஞ்சலிங்கம் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனான். பொன்னம்பலம் சுற்றி வேறு வழியால் வந்து காரை வளவில் விட்டபோது காகங்கள் கத்தத் தொடங்கியிருந்தன. றோட்டரைக் கழற்றினார். துவாயை மடித்து இருந்த இடத்தில் வைத்தார். குளித்துத் திருநீறு பூசி, கந்தோருக்குச் சேட்டுப் போடப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். பறுவமென்றால் போயா, பௌத்தர்களின் லீவு நாள். போயாவுக்கு அரசாங்கக் கந்தோர் பூட்டு. நிலவுக்காகக் கலண்டரைப் பார்த்த மனிசன், அதே கட்டத்தில் சிவப்பில் இருந்த இலக்கத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் துண்டைத் தொலைக்க அவர் படாத பாடில்லை. கிணற்றுக்குள் போடச் சொன்னாள் குணலட்சுமி. ஆடியில் கிணறு இறைப்பார்கள், சேற்றோடு வெளியில் வரும். வல்லைப் பாலத்தில் எறிய நினைத்தார். ஒவ்வொரு நாளும் பாலம் வந்தது, ஒவ்வொரு நாளும் ஸ்ரெல்லா யன்னலோரம் இருந்தாள். வீட்டில் வைக்கவும் பயமாகி, களிசான் பொக்கற்றில் போட்டுக்கொண்டே திரிந்தார். நடக்கும்போது தொடையில் தட்டும். கந்தோரில் கதிரையில் இருக்கும்போது குத்தும்.

ஆனி நடுவில் ஒரு பின்னேரம் கோப்பாயில் காரை மறித்தார்கள். குனிந்து பார்த்தவன் மரியாதையாகத்தான் கதைத்தான்.

"சேர், சனிக்கிழமை எங்கடை இடத்துக்கு ஒருக்கா வந்து போங்கோ. கார்ச் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒண்டுமில்லை, சின்ன விசாரணை."

கார் அரியாலைக்குத் திரும்பும்போது இளையதம்பி, "ஒண்டுமில்லை எண்டு சொன்னால் என்னவோ இருக்கெண்டு அர்த்தம்" என்றான். அதுவும் பகிடியாக வரவில்லை.

சனிக்கிழமை யாகப்பு வெள்ளை வேட்டி கட்டி வந்தார். கோயிலுக்குப் போகிற வேட்டி. வழமைபோல றோட்டரைப் பொருத்தி, சிலுவை போட்டு, முன்சீற்றில் ஏறினார். கார் இருபாலை தாண்டியது.

"ஐயா, வெசாக் லீவு முடிஞ்சு நான் வரேக்கை என்ரை துவாய் சீற்றிலை கிடந்தது" என்றார் யாகப்பு, றோட்டைப் பார்த்தபடி.

"ஓம். நீர் விட்டிட்டுப் போனது."

"மடிச்சுக் கிடந்தது. நான் துவாய் மடிக்கிறேல்லை."

பொன்னம்பலம் கியரை மாற்றினார். மாற்றத் தேவையில்லாத இடம் அது. எஞ்சின் ஒருமுறை உறுமி அடங்கியது.

லண்டனுக்குப் போய்விட்ட யாரோ ஒருவருடைய மாடிவீடு. முற்றத்தில் குரோட்டன்கள் தண்ணியில்லாமல் சுருண்டு கிடந்தன. விறாந்தையில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன். இருபத்தைந்து இருக்கலாம். அவனுக்குப் பின்னால், வீட்டுக்குள் போகும் தேக்குக் கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. அவன் முதலில் காரை வாடகைக்குப் பேசிய நாளில் ஆர் ஆர் நின்றதென்று கேட்டான். பொன்னம்பலம் பெயர்களைச் சொன்னார். பிறகு யாகப்புவிடம் திரும்பினான்.

"ஐயா, இந்தக் காருக்கு றோட்டர் கழட்டுறனீங்களாம்."

"ஓம் தம்பி. எந்த நாளும்."

"ஆரிட்டை இருக்கும்?"

"என்னட்டைத்தான்." யாகப்பு பொக்கற்றைத் தொட்டுக் காட்டினார். வளவில் பின்னேரம் கழற்றுவது போல, இங்கேயும் இறங்கியவுடன் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ஒரு நாளும் மறந்துபோய் விட்டிட்டுப் போகேல்லையோ?"

"இல்லை. அதிலை நான் கவனம்." குரலில் ஒரு பெருமை இருந்தது.

"வெசாக் போயாவண்டு விடியப்புறம் உங்கடை கார் வல்லைப் பாலம் தாண்டினது. காவலுக்கு நிண்டவன் கந்தோர்க் காரெண்டு விட்டிட்டான். பிறகுதான் அவனுக்கு விளங்கினது, அண்டு கந்தோர் இல்லையே எண்டு. ஓடினவர் தலையிலை துவாய் கட்டியிருந்தவர்."

யாகப்புவின் கை தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"தம்பி, எனக்கு இருட்டிலை கண் தெரியாது."

"அண்டு பறுவம் ஐயா. பட்டப்பகல் மாதிரி."

ஒரு அணில் குரோட்டன் சருகுக்குள் ஓடியது. கண்ணாடிக்காரன் பொன்னம்பலத்தைப் பார்த்தான்.

"சேர், அண்டு விடிய கார் வளவிலை நிண்டதோ?"

"நான் பாக்கேல்லை. லீவு நாள். எழும்பப் பிந்திப்போச்சு."

"இந்தக் காருக்கு வேறை றோட்டர் இருக்கோ?"

பொன்னம்பலம் நின்றுகொண்டிருந்தார். அது பொக்கற்றுக்குள், தொடையோடு ஒட்டி, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. ஓம் என்றால் என்ன நடக்கும் என்பது அவருக்கு வரிசையாகத் தெரிந்தது. தான், பிறகு யன்னலுக்குப் பின்னால் நின்றவள், பிறகு கொட்டில், பிறகு அந்தக் கரையில் வள்ளம் வைத்திருந்தவன். இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. அது ஒரே ஒரு ஆள்.

"ஐயா, சொல்லுங்கோவன்" என்றார் யாகப்பு. கெஞ்சலாக இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் இடம் கேட்பது மாதிரி. எதைச் சொல்லச் சொல்கிறார் என்று அவர் சொல்லவில்லை.

"இல்லை" என்றார் பொன்னம்பலம். பிறகு, கேட்காமலே, "எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றும் சேர்த்தார். "அவருக்குக் கண் தெரியாதது மெய்தான்" என்று இன்னொன்றும் சொன்னார். அது ஒருவருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் பயனில்லை.

கண்ணாடிக்காரன் எழும்பினான். "ஐயா கொஞ்சம் இருந்து கதைச்சிட்டு வருவார். நீங்கள் போகலாம் சேர். அந்தச் சாமானை அவரிட்டைக் குடுங்கோ ஐயா. திங்கட்கிழமை கார் கந்தோருக்கு ஓடவேணும். வழமைபோலை நடக்கவேணும், சரியோ?"

யாகப்பு வெள்ளைத் துணியை விரிக்கவில்லை. துணியோடு எடுத்துப் பொன்னம்பலத்தின் உள்ளங்கையில் வைத்தார். வைத்தவர் விரல்களை உடனே எடுக்கவில்லை. வெள்ளை படர்ந்த அந்தக் கண்கள் அவருடைய முகத்தில் எந்த இடத்தைப் பார்க்கின்றன என்று பொன்னம்பலத்துக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டும் ஒரு வீட்டிலை படுக்கப்போகுது, ஐயா" என்றார் யாகப்பு.

பிறகு தலையில் இருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். செருப்பை வாசலில் கழற்றி, சுவரோடு ஒதுக்கி வைத்தார், கோயில் வாசலில் வைப்பது மாதிரி. குனிந்து நிலையைத் தடவிப் பார்த்து, உயரம் நிதானித்து, இருட்டுக்குள் காலை வைத்தார். தேக்குக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ பூட்டில் திறப்பை ஒருமுறை திருப்பி, இழுத்துப் பார்த்து, இன்னொருமுறையும் திருப்பினார்கள்.